படகுத்தலை: எண்டோஸ்கோப்பா, ஸ்பிரிங்கா, பெரிய ஆபரேஷனா?

பத்தாவது வாரத் தடுப்பூசிக்குத் தூக்கிக்கொண்டு போன இடத்தில்தான் விஷயம் வெளியே வந்தது. டாக்டர் என் தங்கை மகனின் தலையை ஒருமுறை தடவிப் பார்த்தார், மறுபடியும் தடவினார். பிறகு தங்கையின் விரலைப் பிடித்து அவன் உச்சந்தலையில் வைத்து முன்னிருந்து பின்னாக இழுத்தார். நடு வகிடு எடுக்கும் இடத்தில், தோலுக்கு அடியில், மெல்லிய வரப்பு ஒன்று ஓடியது. அந்தத் தலைக்குத் தினமும் எண்ணெய் வைத்தவள் அவள்தான்.

தலை நீளமாக இருப்பது எங்களுக்குத் தெரியாமல் இல்லை. குளிப்பாட்ட வந்த ஆச்சி முதல் வாரமே சொன்னார்: "தல நெட்டால்லா இருக்கு. தெனம் உருட்டி விட்டா சரியாயிரும்." கால் மேல் போட்டு, வெந்நீர் ஊற்றி, உள்ளங்கையால் உருட்டவும் செய்தார். கடுகுத் தலையணை வந்தது. அதற்கு முன் பார்த்த ஒரு டாக்டரும் "தலை நிக்கட்டும், தானா உருண்டுரும்" என்று அனுப்பிவிட்டார். உச்சிக்குழி திறந்துதானே இருக்கிறது, பிறகென்ன என்பது எல்லோருக்கும் இருந்த தைரியம். அந்தத் தைரியத்துக்கு ஆதாரமே கிடையாது. வகிட்டுக்குக் கீழே, மண்டையோட்டு எலும்புகள் சேரும் இடத்தில் ஓடும் பொருத்து முழுக்க மூடிப்போன குழந்தைக்கும் முன் உச்சிக்குழி திறந்தே இருக்கலாம். டேப் வைத்துத் தலைச் சுற்றளவு எடுத்தாலும் அளவு சரியாகவே வரும், ஏனென்றால் அகலத்தில் குறைந்தது நீளத்தில் கூடியிருக்கும். மேலிருந்து பார்த்தால்தான் தெரியும். இவனுக்கு நீளம் 15 செ.மீ., அகலம் 10 செ.மீ. நீளத்தில் அகலம் 67 சதவீதம். பொதுவாக அது 75க்கு மேல் இருக்கும்.

பிறந்த குழந்தையின் மண்டையோடு ஒரே சட்டி அல்ல, தனித்தனித் தகடுகள். தகடுகள் சேரும் பொருத்துகளில்தான் எலும்பு வளர்ந்து மூளைக்கு இடம் விடுகிறது. ஒரு பொருத்து முன்கூட்டியே ஒட்டிக்கொண்டால் அதன் குறுக்கே வளர்ச்சி நின்றுவிடும், அந்தக் கணக்கை நெற்றியும் பிடரியும் நீண்டு தீர்த்துக்கொள்ளும். 1851இல் ஜெர்மானிய மருத்துவர் விர்ஷோ இதை விதியாகவே எழுதி வைத்தார். வகிட்டுப் பொருத்து மூடினால் தலை கவிழ்த்த படகு மாதிரி ஆகும், படகுத்தலை என்பது இதுதான். ஒற்றைப் பொருத்து மூடும் கோளாறுகளில் இதுதான் அதிகம் வருவது. பெண் குழந்தைகளைவிட ஆண் குழந்தைகளுக்கு ஏறக்குறைய மூன்று மடங்கு வரும். உருட்டி விடாததாலோ படுக்க வைத்த விதத்தாலோ வருவது இல்லை. உருட்டினால் போவதும் இல்லை.

நெல்லை எக்ஸ்பிரஸில் சென்னை போய்ச் சேர்ந்தபோது அவனுக்குப் பன்னிரண்டு வாரம் ஆகியிருந்தது. மூளை அறுவை சிகிச்சை நிபுணரும் பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணரும் ஒரே அறையில் உட்கார்ந்து பார்த்தார்கள். மூன்று வழிகளைச் சொன்னார்கள். சும்மா இருந்துவிடுவதையும் சேர்த்தால் நான்கு. போகும்போது நான் நான்கு பத்தி போட்ட நோட்டுப் புத்தகத்தோடு போயிருந்தேன்: செலவு, ஆபத்து, தழும்பு, பலன். திரும்பி வரும்போது அந்த நோட்டில் ஒரே ஒரு கேள்விதான் மிஞ்சியிருந்தது, குழந்தைக்கு எத்தனை வாரம் என்பது. இந்த மூன்று வழிகளுக்கும் வாசல் மூடும் தேதி வெவ்வேறு. நாம் ஒப்பிட உட்காரும் நேரத்துக்குள் ஒரு வாசல் மூடியிருக்கக்கூடும்.

சீக்கிரம் மூடுகிற வாசலிலிருந்தே தொடங்குகிறேன்.

எண்டோஸ்கோப் வழி 1998இல் மருத்துவ உலகுக்கு அறிமுகமானது. அமெரிக்காவின் மிசௌரியில் ஹிமெனெஸ், பரோன் என்ற இரு மருத்துவர்கள் வெளியிட்ட முறை. உச்சிக்குழிக்குப் பின்னால் ஒன்று, பிடரிப் பக்கம் ஒன்று என இரண்டு சிறு கீறல்கள். உள்ளே குழாய்க் கேமராவை விட்டு, ஒட்டிப்போன பொருத்தைச் சில செ.மீ. அகலத்துக்குப் பட்டையாக எடுத்துவிடுவார்கள். ஏறக்குறைய ஒரு மணி நேர வேலை. பெரும்பாலான குழந்தைகளுக்கு ரத்தம் ஏற்ற வேண்டி வருவதில்லை. ஓரிரு நாளில் வீட்டுக்குப் போய்விடலாம். கேட்டதும் மாப்பிள்ளை, "அப்போ இதுதாம்லா மச்சான், இதுக்கு மேல என்ன யோசன" என்றார். எனக்கும் அப்படித்தான் பட்டது.

டாக்டர் அடுத்ததாகச் சொன்னது ஹெல்மெட். இந்த ஆபரேஷன் தலைக்கு வடிவம் கொடுப்பதில்லை, பூட்டைத் திறந்து மட்டும் விடுகிறது. வடிவம் கொடுப்பது வளரும் மூளைதான். பிறக்கும்போது சுமார் 35 செ.மீ. இருக்கும் தலைச் சுற்றளவு ஒரு வயதில் 46 செ.மீ. ஆகிறது. அந்த 11 செ.மீ. வேகத்தில் பெரும்பங்கு முதல் சில மாதங்களில் போய்விடும். அந்த வேகம் நீளவாட்டில் போகாமல் அகலவாட்டில் போவதற்குத்தான், உள்ளே நுரைப்பஞ்சு வைத்த ஹெல்மெட். தினம் 23 மணி நேரம். ஏறக்குறைய ஒரு வயது வரை. தலை வளர வளர இரண்டு மூன்று ஹெல்மெட் மாற்ற வேண்டும். நடுவே சில வாரத்துக்கு ஒருமுறை செய்தவரிடமே கொண்டுபோய்ச் சரிபார்க்க வேண்டும். மூன்று மாதத்துக்குள் ஆபரேஷன் செய்தால் பலன் நன்றாக இருக்கும், நான்கு மாதம் தாண்டினால் குறைந்துகொண்டே போகும்.

நோட்டில் "ஆபத்து: குறைவு" என்று எழுதியிருந்த பத்திக்கு எதிரே தங்கை எழுதினாள்: "கத்திரி வெயில்." திருநெல்வேலியில் ஏப்ரல், மே மாதங்களில் தொப்பியே தாங்காத குழந்தை. வேர்க்குரு வந்தால் ஹெல்மெட்டைக் கழற்ற வேண்டும், கழற்றி வைத்த நாள் கணக்கில் சேராது. அளவு பார்க்க ஒவ்வொரு முறையும் அறுநூறு கிலோமீட்டர். இந்த முறையைப் பாராட்டி எழுதுகிறவர்கள் கீறலின் நீளத்தைச் சொல்கிறார்கள், ரயில் டிக்கெட்டைச் சொல்வதில்லை. சென்னையிலேயே வீடு, ஹெல்மெட் செய்து தருபவர் பக்கத்தில், குழந்தைக்குப் பத்து வாரம் என்றால் நான் கண்ணை மூடிக்கொண்டு இதைத்தான் சொல்வேன்.

ஹெல்மெட் பற்றி ஒரு குழப்பத்தையும் இங்கேயே தீர்த்துவிடலாம். ஒரே பக்கம் படுத்துப் படுத்துப் பிடரி தட்டையாகும் தலைக்கும் ஹெல்மெட் விற்கிறார்கள். அது பொருத்து மூடாத தலை, வேறு விஷயம். நெதர்லாந்தில் அப்படிப்பட்ட 84 குழந்தைகளை இரண்டாகப் பிரித்துச் செய்த ஆய்வு 2014இல் வந்தது. ஹெல்மெட் போட்டவர்களில் 26 சதவீதம் பேருக்கும், எதுவும் போடாதவர்களில் 23 சதவீதம் பேருக்கும் தலை முழுதாகச் சரியானது. காசு கொடுத்து வாங்குமுன் இந்த இரண்டு எண்ணையும் பார்க்கலாம்.

இரண்டாவது வழி ஸ்பிரிங். ஸ்வீடனின் கோத்தன்பர்க் நகரில் லாரிட்சன் 1990களின் இறுதியில் தொடங்கினார். லண்டன் கிரேட் ஆர்மண்ட் ஸ்ட்ரீட் மருத்துவமனை இப்போது இதை அதிகம் செய்கிறது. மூடிய பொருத்தின் மேல் எலும்பைக் கீறி, வளைத்த எஃகுக் கம்பி இரண்டு மூன்றை இடையில் செருகி விடுவார்கள். துணி காயப்போடும் கிளிப்பைத் தலைகீழாக யோசித்துப் பாருங்கள்: இறுக்குவதற்குப் பதில் அகட்டும். மூன்றிலிருந்து ஆறு மாதம் வரையான குழந்தைக்குப் பொருந்தும், ஹெல்மெட் வேண்டாம். ஆனால் சில மாதம் கழித்துக் கம்பியை எடுக்க இன்னொரு மயக்க மருந்து, இன்னொரு ஆபரேஷன். கம்பி நழுவலாம். வைத்தபின் அது எவ்வளவு அகட்ட வேண்டும் என்பதை டாக்டர் கூட்டவோ குறைக்கவோ முடியாது. வெயிலுக்கு ஏற்ற வழி இதுதான் என்று எனக்குத் தோன்றியது. நாங்கள் பார்த்த குழு இதை அதிகம் செய்ததில்லை என்று அவர்களே சொன்னார்கள். அப்படிச் சொன்ன டாக்டரிடம் எனக்கு மரியாதை கூடியது, ஸ்பிரிங் வரிசையை நோட்டில் அடித்துவிட்டேன். கைப்பழக்கம் இல்லாத குழுவிடம் நல்ல முறையைக் கேட்டு வாங்குவதைவிட, அவர்கள் கைவந்த முறையை வாங்குவது மேல்.

மூன்றாவது, பெரிய ஆபரேஷன். ஆறு மாதத்துக்கு மேல், பெரும்பாலும் ஒரு வயதுக்குள். காதிலிருந்து காது வரை கீறி, தோலை முன்னும் பின்னும் விலக்கி, மண்டையோட்டின் மேல் தகடுகளைக் கழற்றி, பக்கத்து மேசையில் வைத்து வெட்டி வளைத்து, திரும்பப் பொருத்துவார்கள். பல மணி நேரம். ரத்தம் ஏற்றுவது ஏறக்குறைய உறுதி. எட்டுக் கிலோ குழந்தையின் உடலில் ஓடும் ரத்தமே சுமார் 640 மில்லி என்றால், அதில் இருநூறு போவது என்ன என்று புரியும். டிரானெக்சாமிக் அமிலம் என்ற, ரத்தப்போக்கைக் குறைக்கும் மருந்து வந்தபின் இந்தக் கவலை கணிசமாகக் குறைந்திருக்கிறது.

ஆனால் ஆபரேஷன் முடிந்து வெளியே வரும்போதே தலை உருண்டையாக இருக்கும். ஹெல்மெட் இல்லை, கம்பி எடுக்க மறுபடி போக வேண்டியதில்லை. தகடுகளைப் பிடித்து வைக்கும் பிளேட்டுகள் இப்போது உடம்பிலேயே கரைந்துபோகிற பொருள். முன்பு டைட்டானியம் வைத்தார்கள். குழந்தையின் மண்டையோடு வெளிப்பக்கம் எலும்பைச் சேர்த்துக்கொண்டும் உள்பக்கம் கரைத்துக்கொண்டும் வளர்வதால், வெளியே வைத்த உலோகம் சில ஆண்டுகளில் மூளைப் பக்கம் போய் நின்றதைப் பார்த்துத்தான் மாற்றினார்கள்.

இந்தத் துணிச்சல் ஒரே நாளில் வந்ததல்ல. 1888இல் சான் பிரான்சிஸ்கோவில் ஒரு தாய் லேன் என்ற டாக்டரிடம், என் பிள்ளையின் மூளைப் பூட்டைத் திறந்து வளர விடமாட்டீர்களா என்று கெஞ்சினாள். திறந்தார். பதினான்கு மணி நேரத்தில் குழந்தை இறந்தது. பாரிஸில் லான்லோங் 1890இல் இதே வழியில் இறங்கினார். பலர் பின்தொடர்ந்தார்கள். கொடுமை என்னவென்றால், அந்தக் குழந்தைகளில் பலருக்குப் பொருத்து மூடியதால் மூளை வளராமல் போகவில்லை, மூளை வளராததால்தான் தலை சிறுத்திருந்தது. பூட்டைத் திறந்து பயனில்லாத வீடு. 33 குழந்தைகளின் கணக்கை எடுத்துப் பார்த்த நியூயார்க் குழந்தை மருத்துவர் ஜகோபி, ஏறக்குறைய பாதிப்பேர் இறந்ததைக் காட்டி 1894இல் கடுமையாகக் கண்டித்தார். அதன்பின் பல ஆண்டுகள் பெரும்பாலும் யாரும் கை வைக்கவில்லை. இன்று ஸ்கேனுக்கு முன் டாக்டர் பத்து நிமிடம் தடவித் தடவிப் பார்க்கிறாரே, அலுப்பாக இருக்கிறதே என்று நினைக்கும்போது இந்த 33 பேரை நினைத்துக்கொள்வேன்.

இரண்டு நிபுணர்கள் ஒரே அறையில் உட்கார்ந்திருந்ததற்குக் காரணம், தெசியே என்ற பிரெஞ்சு பிளாஸ்டிக் சர்ஜரி நிபுணர். பாரிஸை ஒட்டிய சுரேன் ஊரில், ஃபோஷ் மருத்துவமனையில் வேலை பார்த்தவர். கண்கள் இரண்டும் மிகவும் விலகிப் பிறந்தவர்களுக்கு முகத்துப் பக்கமிருந்து மட்டும் போனால் போதாது, மண்டையைத் திறந்து மேலிருந்தும் வர வேண்டும் என்று அவருக்குப் பட்டது. மூளை நிபுணர் கியோவிடம் கேட்டார். "ஏன் கூடாது?" என்றார் கியோ. மாலையில் ரயிலேறி நான்த் நகரம் போய்ப் பிணங்களில் வெட்டிப் பழகிவிட்டு, 1967இல் ரோம் மாநாட்டில் தன் நோயாளிகளைக் காட்டினார். கபால–முகச் சீரமைப்பு என்று தனித் துறை பிறந்தது அங்கேதான் என்கிறார்கள். அதுவரை மூளைக்காரர்களுக்கு முகமும், முகத்துக்காரர்களுக்கு மூளையும் எல்லை தாண்டிய பகுதி. அந்தத் தலைமுறை எவ்வளவு பெரிதாகத் திறக்க முடியும் என்று கண்டுபிடித்தது. அடுத்த தலைமுறை எவ்வளவு சிறிதாகத் திறந்தால் போதும் என்று தேடுகிறது. நம் முன் இருக்கும் மூன்று வழிகளும் இந்த இரண்டு தேடலுக்கும் இடையில்தான் நிற்கின்றன.

சும்மா இருந்துவிட்டால்? இதை யாரும் சத்தமாகக் கேட்பதில்லை, எல்லோர் மனதிலும் இருக்கிறது. எங்கம்மா கேட்டார்: "ஆம்பளப் புள்ளதான, முடி வளந்தா மறைஞ்சிரும்லா?" நியாயமான கேள்விதான். ஒற்றைப் பொருத்து மூடிய குழந்தைகளில் ஏறக்குறைய ஏழில் ஒருவருக்கு மண்டைக்குள் அழுத்தம் கூடியிருந்ததைப் பாரிஸில் ரெனியர் குழு 1982இல் அளந்து சொன்னது. பல பொருத்துகள் மூடியவர்களில் அது பாதிக்குச் சற்றே குறைவு. ஆக, பெரும்பான்மைப் படகுத்தலைக் குழந்தைகளுக்கு அழுத்தம் கூடுவதில்லை. யாருக்குக் கூடும் என்பதை முன்கூட்டிச் சொல்ல முடியாததுதான் சிக்கல். இலேசான வளைவு என்றால், அழுத்தம் கூடினால் காட்டிக்கொடுக்கும் கண் நரம்பை அவ்வப்போது பார்த்துக்கொண்டு காத்திருப்பதும் ஒரு முடிவுதான். 67 என்பது இலேசு அல்ல என்று எங்களிடம் சொன்னார்கள். பள்ளிக்கூடத்தில் அந்தத் தலைக்கு என்ன பட்டப்பெயர் விழும் என்பதையும் நாங்கள் கணக்கில் சேர்த்தோம். அதைச் சேர்க்காத பெற்றோரை நான் பார்த்ததில்லை.

குழந்தையின் அறிவு வளர்ச்சிக்கு எந்த வழி நல்லது என்று கேட்டால் தெளிவான பதில் கிடையாது. ஒப்பிட்டுச் செய்தவை பெரும்பாலும் பழைய கேஸ் கட்டுகளைப் புரட்டிப் பார்த்த ஆய்வுகள். சிறிய குழந்தை எண்டோஸ்கோப்புக்குப் போயிருக்கும், தாமதமாக வந்தது பெரிய ஆபரேஷனுக்குப் போயிருக்கும். இரண்டையும் எப்படி ஒரே தட்டில் வைப்பது? வடிவத்தில் பெரிய வித்தியாசம் தெரியவில்லை என்பதே எனக்குப் பிடிபட்ட அளவு.

சி.டி. எடுத்து, மயக்க மருந்து டாக்டர் பார்த்து, ஆபரேஷனுக்குத் தேதி கேட்டபோது கிடைத்தது பதினேழாவது வாரம். எண்டோஸ்கோப் செய்யலாம், ஆனால் பலன் குறையலாம் என்றார்கள். சித்திரை வேறு வந்துகொண்டிருந்தது. "அண்ணே, முதல் டாக்டர்ட்ட போனப்பவே சொல்லிருந்தா?" என்று தங்கை கேட்டாள். நான் பதில் சொல்லவில்லை. எட்டாவது மாதம் பெரிய ஆபரேஷன் என்று முடிவானது.

அதற்குப் பிறகு எந்தப் பட்டியலிலும் இல்லாத ஒரு தடை வந்தது. முதல் முடி திருச்செந்தூர் முருகனுக்கு நேர்ந்தது, ஆஸ்பத்திரியில் எடுக்கக் கூடாது என்று தங்கையின் மாமியார் நின்றுவிட்டார். கூச்சத்தோடு டாக்டரிடம் கேட்டேன். அவர் சிரிக்கவில்லை. முடி எடுக்க வேண்டியதே இல்லை, வகிடு எடுத்து ரப்பர் பேண்ட் போட்டுக் கட்டிவிட்டுக் கீறுவோம் என்றார். கீறலையும் நேர்கோடாகப் போடாமல் ரம்பப் பல் மாதிரி வளைத்து வளைத்துப் போடுவார்களாம். நேர்கோடாக இருந்தால் தலை நனையும்போது முடி இரண்டு பக்கமும் பிரிந்து தழும்பு தெரியும். வளைந்த கோட்டின் மேல் முடி படிந்துவிடும்.

ரத்தத்துக்கு இரண்டு பேரைக் கூட்டிவரச் சொன்னார்கள், மாப்பிள்ளையின் பாத்திரக்கடையிலிருந்து நான்கு பேர் வந்தார்கள். ஐந்து மணி நேரம் ஆனது. முதல் நாள் பரவாயில்லை. இரண்டாம் நாள் முகம் ஊதி, கண் இரண்டும் முற்றாக மூடிக்கொண்டன. இப்படி ஆகும் என்று முன்பே சொல்லியிருந்தும் தாங்க முடியவில்லை. அவன் அழவில்லை, கையால் காற்றைத் துழாவினான். தங்கை ஐ.சி.யூ. கட்டிலோரம் உட்கார்ந்து பேசிக்கொண்டே இருந்தாள், குரல் வந்த பக்கமெல்லாம் தலை திரும்பியது. நான்காம் நாள் இடது கண் ஒரு கீற்றுத் திறந்தது. எண்டோஸ்கோப்பில் இந்த இரண்டு நாள் பெரும்பாலும் இருக்காது. அதற்குப் பதில் எட்டு மாத ஹெல்மெட் இருக்கும். இரண்டையும் அனுபவித்த குடும்பம் கிடையாது, ஆகவே எது கடினம் என்று யாரும் தீர்ப்புச் சொல்ல முடியாது.

ஒன்றரை வயதில் திருச்செந்தூரில் என் மடியில் உட்கார வைத்து மொட்டை. சவரக்கத்தி காதுக்கு மேல் வந்ததும் தொழிலாளியின் கை நின்றது. "இதென்ன சாமி, மின்னல் மாதிரி?" என்று கேட்டுவிட்டு, அந்தப் பல் பல்லான கோட்டின் மேல் மட்டும் தண்ணீர் தடவி, கத்தியைப் படுக்க வைத்து எடுத்தார்.

வரப்போகும் காலம் பற்றியும் கொஞ்சம் சொல்ல வேண்டும், இன்றைய முடிவை அது தொடுகிறது என்பதால். எந்த எலும்பை எங்கே வெட்டி எங்கே வைப்பது என்று கம்ப்யூட்டரில் முன்கூட்டியே போட்டுப் பார்த்து, முப்பரிமாண அச்சில் வழிகாட்டிச் சட்டம் செய்துகொண்டு போவது இப்போதே பல இடங்களில் நடக்கிறது. எலும்பைக் காட்டும் எம்.ஆர்.ஐ. முறை வந்திருக்கிறது, கதிர்வீச்சு இல்லை. மிகச் சிறிய குழந்தைக்கு அல்ட்ராசவுண்டிலேயே பொருத்து திறந்திருக்கிறதா என்று பார்க்கலாம். இதெல்லாம் கண்டுபிடிக்கும் நாளை முன்னுக்கு இழுக்கும். இன்னும் தூரத்தில், கலிஃபோர்னியாவில் யாங் சாய் குழு 2021இல் வெளியிட்ட வேலை இருக்கிறது: பொருத்து மூடிய எலிக்குட்டிகளுக்கு ஸ்டெம் செல்லை ஒரு ஜெல்லில் வைத்து, புதுப் பொருத்தையே வளர்த்திருக்கிறார்கள். நல்ல செய்தி. ஆனால் அது எலி. அதற்காக இன்று ஒரு வாரம்கூடக் காத்திருக்கக் கூடாது.

குரூசோன், ஏபெர்ட் மாதிரி மரபணுக் கோளாறோடு பல பொருத்துகள் மூடி, முகமும் உள்வாங்கியிருக்கும் குழந்தைகளுக்கு நான் மேலே சொன்ன ஒப்பீடு பொருந்தாது. அவர்களுக்கு ஒரு ஆபரேஷன் அல்ல, பதினைந்து இருபது ஆண்டுத் திட்டம்.

போன வாரம் அலுவலகத்தில் கூட வேலை பார்க்கும் தம்பி போன் செய்தார். மகனுக்கு ஒன்பது வாரம், தலை நீளமாக இருக்கிறது, நடுவில் வரப்பு தட்டுப்படுகிறது, எண்டோஸ்கோப் நல்லதா பெரிய ஆபரேஷன் நல்லதா என்றார். அதைப் பிறகு பேசலாம், மேலிருந்து ஒன்றும் பக்கவாட்டில் ஒன்றுமாக இரண்டு போட்டோ எடுத்து வைத்துக்கொள்ளுங்கள் என்றேன். நாங்கள் பார்த்த குழுவின் ஓ.பி. நாட்களைச் சொன்னேன். வீட்டில் விசேஷம் இருக்கிறது, அடுத்த வாரம் திங்கட்கிழமை போகலாமா அண்ணே என்று கேட்டார்.

நாளைக்கே ஓ.பி. உண்டு என்றேன்.